ஊழியர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம்: வாங்கலாமா, கவுன்சலிங்குக்குப் போகலாமா?

மே மாதம் பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் இந்த ஒரு பேச்சுதான். ப்ளஸ் டூ எழுதிய பிள்ளை வீட்டில் இருக்கும் ஊழியர்கள், டிரைவர் அண்ணன் முதல் துறைத்தலைவர் வரை, ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "ஸ்டாஃப் கன்செஷன் இந்த வருஷமும் உண்டுல்லா?" என்று கேட்பார்கள். குமரி மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் 14 வருஷமாகக் கட்டணப் பிரிவில் இருக்கிறேன், ரசீது போடுவது என் வேலை. உண்டு என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த வருஷம் என் மகளே ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். மற்றவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்ன எனக்கு, என் பிள்ளை என்று வந்ததும் மூன்று நாள் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று நாளில் நான் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் என்னைப் போலத் தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கிற, அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ இதே இடத்தில் வந்து நிற்கப்போகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

முதலில் சலுகை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். எங்கள் கல்லூரியில் மூன்று வருஷம் சர்வீஸ் முடித்தவருக்கு, அவருடைய ஒரு பிள்ளைக்கு, டியூஷன் பீஸில் பாதி தள்ளுபடி. கணவன், மனைவி இரண்டு பேரும் இங்கேயே வேலை பார்த்தாலும் ஒரு சலுகைதான். கம்ப்யூட்டர் சயின்ஸிலும் ஏ.ஐ. படிப்பிலும் கிடையாது, அந்த இடங்கள் எப்படியும் நிரம்பிவிடும் என்பதால். பிள்ளை அரியர் வைத்தால் அந்த வருஷம் சலுகை நிற்கும். நான் வேலையை விட்டால் அன்றோடு முடிந்தது, அதுவரை தள்ளிய தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். மற்றக் கல்லூரிகளில் விவரம் கொஞ்சம் மாறலாம். சில இடங்களில் கால் பங்கு, சில இடங்களில் முழுசும், சில இடங்களில் ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு, அலுவலக ஊழியர்களுக்கும் லேப் அசிஸ்டென்ட்டுகளுக்கும் வேறு கணக்கு. இதற்கென்று அரசாங்கம் வைத்த சட்டம் ஒன்றும் இல்லை, நிர்வாகம் மனசு வைத்துத் தருவதுதான். அதனால் நிர்வாகம் நினைத்தால் அடுத்த ஜூனில் மாற்றவும் செய்யலாம்.

பாதிக் கட்டணம் என்றதும் பெரிதாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. எதில் பாதி என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த அளவு இது: கவுன்சலிங் (மதிப்பெண் வரிசைப்படி அரசு நடத்தும் பொதுச் சேர்க்கை) வழியாக வரும் பிள்ளைக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்பு என்றால் 55,000. கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் 85,000, தரச்சான்று இருந்தால் 87,000. உங்கள் கல்லூரியில் வேறு தொகை என்றால் அதைப் போட்டுப் பாருங்கள், கணக்கு முறை ஒன்றுதான். இனி கவனியுங்கள். ஊழியர் சலுகையில் சேர்க்கும் பிள்ளையை எங்கள் கல்லூரி மேனேஜ்மென்ட் கோட்டாவில்தான் சேர்க்கிறது. அப்படியென்றால் 87,000-ல் பாதி, 43,500. அதே பிள்ளை, அதே கல்லூரிக்கு, அதே படிப்புக்கு, கவுன்சலிங் வழியாக வந்தால் 55,000. வித்தியாசம் 11,500 ரூபாய். நான்கு வருஷத்துக்கு 46,000. தரச்சான்று இல்லாத படிப்பு என்றால் இன்னும் குறைவு, 42,500-க்கும் 50,000-க்கும் நடுவே 7,500, நான்கு வருஷத்துக்கு 30,000. பாதிக் கட்டணம் என்று நாங்கள் இத்தனை வருஷம் பேசியதில் உண்மையாகக் கைக்கு மிச்சமாவது மாசம் ஆயிரத்துக்கும் கீழே. ரசீது போடுகிற எனக்கே இது இத்தனை நாள் உறைக்கவில்லை, ஏனென்றால் ரசீதில் 87,000 என்று அடித்து, கீழே தள்ளுபடி 43,500 என்று அடிப்போம், பார்க்கிற கண்ணுக்கு அந்தத் தள்ளுபடிதான் பெரிதாகத் தெரியும்.

டிரைவர் அண்ணன் கதை இதைவிட மோசம். அவர் பத்தாம் வகுப்பு, மைனி (அவர் மனைவி) எட்டாம் வகுப்பு, வீட்டில் யாரும் டிகிரி வாங்கியதில்லை, மூத்த பையன்தான் முதலில் கல்லூரி வாசல் மிதிக்கப்போகிறான். அவனுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. கவுன்சலிங் வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால் டியூஷன் பீஸில் வருஷம் 25,000 ரூபாயை அரசு ஏற்றுக்கொள்ளும். 55,000-ல் 25,000 போனால் 30,000. ஊழியர் சலுகையில் சேர்த்தால் 43,500. அவர் சலுகை என்று நம்பிச் சேர்த்திருந்தால் வருஷத்துக்கு 13,500, நான்கு வருஷத்தில் 54,000 கூடுதலாகக் கட்டியிருப்பார், அதோடு நன்றியும் சொல்லியிருப்பார். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முதல் பட்டதாரி சலுகை கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. நான் ஒரு துண்டுத் தாளில் இரண்டு தொகையையும் எழுதிக் காட்டியபோது அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் தாலுகா அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் போயிருந்தார். அலுவலக உதவியாளர், டிரைவர், கேன்டீன், தோட்ட வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து சலுகை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கணக்கை மட்டும் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை படித்த பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம். 2021-ல் பொறியியலுக்கும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். எந்த ஊழியர் சலுகையும் இதற்குப் பக்கத்தில் வராது. இதில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு மனக்குறை உண்டு. இங்கே பாதி ஊரில் மிஷன் பள்ளிக்கூடமும் அரசு உதவி பெறும் பள்ளிக்கூடமும்தான் பக்கத்தில் இருக்கும், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கின்றன, ஆனால் இந்த ஒதுக்கீடு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. என் மகளும் அப்படித்தான், நாகர்கோவிலில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தாள். ஒரே ஆறுதல், புதுமைப் பெண் திட்டத்தை 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரித்தார்கள், மாசம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். சலுகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது தனி.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பட்டதாரி கிடையாது, நான் பி.காம். அவளுடைய கட்-ஆஃப் 200-க்கு 158. ஆசை எலக்ட்ரானிக்ஸ். எங்கள் முன்னால் இருந்தது நான்கு வழி: என் கல்லூரியில் சலுகையோடு, கவுன்சலிங்கில் நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் உள்ள பொறியியல் கல்லூரி, கவுன்சலிங்கில் வேறு சுயநிதிக் கல்லூரி, இல்லையென்றால் நாகர்கோவிலில் ஒரு உதவி பெறும் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல்.

கோணத்தில் இருக்கிற பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. கட்டணம் சுயநிதிக் கல்லூரியைவிட நன்றாகவே குறைவு. ஆனால் எனக்கு மனசில் நின்றது கட்டணம் அல்ல, பஸ். எங்கள் கல்லூரியில் காலேஜ் பஸ் கட்டாயம், எங்கள் வீட்டு ஸ்டாப்பிலிருந்து வருஷத்துக்கு 17,000 ரூபாய், அதில் ஊழியர் பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி இல்லை. கோணத்துக்கு என்றால் வடசேரியில் டவுன் பஸ் ஏறினால் போதும், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆக, என் கல்லூரியில் சலுகையால் மிச்சம் பிடிக்கும் 11,500-ஐ பஸ் பீஸ் முழுங்கிவிட்டு மேலும் 5,500 கேட்கிறது. இந்தக் கணக்கை என் கணவரிடம் சொன்னபோது அவர் (மார்த்தாண்டத்தில் வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், எண்களில் என்னைவிடக் கெட்டி) பென்சிலை எடுத்து இரண்டாம் தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

பஸ் மட்டும் இல்லை. ஒரு முழு ரசீதை எடுத்துப் பாருங்கள். முதல் வரி டியூஷன் பீஸ். அதற்குக் கீழே பரீட்சைக் கட்டணம், பிளேஸ்மென்ட் பயிற்சி, யூனிஃபார்ம், அசோசியேஷன், ஐ.வி. என்று சொல்லும் தொழிற்சாலைப் பயணம், முதல் வருஷம் காஷன் டெபாசிட். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த ஒரு ரசீதில் டியூஷன் நீங்கலாக ஒன்பது வரி. சலுகை முதல் வரிக்கு மட்டும். அதனால் எந்தக் கல்லூரியானாலும் "எவ்வளவு தள்ளுபடி" என்று கேட்காதீர்கள், போன வருஷம் சேர்ந்த ஒரு ஊழியர் பிள்ளையின் இரண்டு செமஸ்டர் ரசீதையும் வாங்கி, கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூட வேலை பார்க்கிறவர் காட்டுவார்.

உதவி பெறும் கலைக் கல்லூரி என்ற வழியை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி என்று இந்த மாவட்டத்தில் நல்ல பெயர் உள்ள உதவி பெறும் கல்லூரிகள் இருக்கின்றன, அரசு சம்பளம் தரும் எய்டட் படிப்புகளில் கட்டணம் மிகக் குறைவு, ஊழியர் சலுகை என்ற பேச்சே அங்கே தேவைப்படாது. அதே கல்லூரிக்குள் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவு இருக்கும், அங்கே கட்டணமும் வேறு, ஆசிரியர் சம்பளமும் வேறு, சலுகை கேட்டு நிற்கிறவர்களும் பெரும்பாலும் அந்தப் பிரிவு ஊழியர்கள்தான். கோணத்திலேயே அரசுக் கலைக் கல்லூரியும் இருக்கிறது. படிப்பில் பிடிப்பு இருக்கிற பிள்ளை, பி.எஸ்சி., எம்.எஸ்சி., அப்புறம் பி.எட். அல்லது ஆராய்ச்சி என்று போகத் தயார் என்றால், இது ஏழைக்கு ஏற்ற வழி மட்டுமில்லை, நல்ல வழியும்கூட. என் மகளுக்கு மனசு எலக்ட்ரானிக்ஸில்தான் இருந்தது, அதனால் இதை மூன்றாவதாக வைத்தோம்.

மதிப்பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்று சொல்லும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். முதல் வருஷத் தொகை கவர்ச்சியாக இருக்கும், ஆனால் இவ்வளவு சி.ஜி.பி.ஏ. (சராசரித் தரப்புள்ளி) எடுத்தால்தான் இரண்டாம் வருஷமும் உண்டு என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். முதல் செமஸ்டர் மேத்ஸில் தடுமாறாத பிள்ளை குறைவு. தடுமாறியதும் முழுக் கட்டணம் கட்ட என்னிடம் வழி இல்லை. உங்களிடம் இருந்தால் நீங்கள் பார்க்கலாம்.

பணக்கணக்கு இதோடு முடிந்தது. பணத்தைவிடப் பெரிய ஒன்று பாக்கி இருக்கிறது, அதை என் மகள்தான் முதலில் சொன்னாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவும்போது, திரும்பிப் பார்க்காமலே, "அம்மா, நான் உங்க காலேஜ்ல சேந்தா நாலு வருஷத்துக்கு நீங்க வேலைய விட முடியாதுல்லா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி. எனக்கு இப்போது சம்பளம் 19,000. போன வருஷம் வேறு ஒரு இடத்தில் 23,000-க்குக் கூப்பிட்டார்கள், கொஞ்சம் தூரம் என்று போகவில்லை. மாசம் 4,000 என்றால் வருஷத்துக்கு 48,000. சலுகை நான்கு வருஷத்துக்குச் சேர்த்துத் தருவது 46,000. ஒரே ஒரு வருஷச் சம்பள உயர்வு நான்கு வருஷச் சலுகையை விழுங்கிவிடுகிறது. மகள் இங்கே படிக்கிறாள் என்றால் அந்த மாதிரி ஒரு அழைப்பு மறுபடி வந்தாலும் நான் போக முடியாது. போனால் தள்ளிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், மிச்ச வருஷங்களுக்கு 87,000 கட்ட வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த பிள்ளையை நடுவில் கவுன்சலிங் கட்டணத்துக்கு மாற்ற முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை உள்ளே படிக்கும்போது அம்மா, அப்பாவின் வாய் அடைந்துபோகிறது. சம்பளம் இரண்டு மாசம் தள்ளிப்போனால் கேட்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை அட்மிஷன் கேம்ப் என்று கேரள எல்லை வரை அனுப்பினால் போவோம். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சொல்லியிருக்கிறது, ஆனால் பிள்ளையே உள்ளே இருக்கும்போது சான்றிதழை எங்கே வைத்தால் என்ன. கூட வேலை பார்த்த ஒரு லேப் டெக்னீஷியன், அவர் மகன் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, எட்டு மாசம் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு ஆள் வேலை பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். மகன் கடைசிப் பரீட்சை எழுதிய வாரம் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அந்த எட்டு மாசத்துக்கு ரசீதில் எந்த வரியும் இல்லை.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். அவனிடம் போனில் இதைச் சொன்னபோது, அங்கேயும் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் கட்டணச் சலுகை உண்டு, வரம்புகளும் உண்டு, ஆனால் எல்லாம் அச்சில் இருக்கும் என்றான். எத்தனை மாதம் வேலை பார்த்த பிறகு தொடங்கும், எத்தனை செமஸ்டர் வரை, மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு, வேலை போனால் அந்த செமஸ்டர் முடியும் வரை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எழுதி வைத்திருக்குமாம். வரிச் சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது: மனைவிக்கோ பிள்ளைக்கோ இளநிலைப் படிப்புக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்கு வரி இல்லை, முதுநிலை என்றால் அது சம்பளத்தோடு சேர்த்து எண்ணப்படும். ஊழியர் தானே முதுநிலை படித்தால் வருஷத்துக்கு 5,250 டாலர் வரை பொதுவாக வரி விலக்கு. அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, சில கல்லூரிகள் தங்களுக்குள் ஊழியர் பிள்ளைகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில்கூட இடம் உறுதி கிடையாது, போட்டிதான். ஆனால் சேரும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு அந்த ஒன்றுதான் ஏக்கமாக இருந்தது.

நம்மூர் வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலாளி நடத்தும் கல்வி நிலையத்தில் ஊழியர் பிள்ளைக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ படிப்புக் கொடுத்தால் அதுவும் சம்பளத்தைச் சேர்ந்த ஒரு வசதி என்று வருமான வரி விதி எண்ணுகிறது. 2026 மார்ச் வரை இருந்த 1962 விதிகளில் ஒரு பிள்ளைக்கு மாசம் 1,000 ரூபாய்க்குள் இருந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள். மாசம் 3,625 என்ற எங்கள் தள்ளுபடி அதைத் தாண்டிவிடுகிறது. ஆனால் 19,000 சம்பளக்காரிக்கு வரியே வராது, எனவே இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். லட்சத்தில் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கல்விக் கடன் எடுக்கப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்கல்விக்கு வாங்கும் கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது, கல்லூரிக்கோ படிப்புக்கோ தரச்சான்று வேண்டும். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டா என்றதும் வங்கி மேனேஜர் முகம் மாறும். 2024 நவம்பரில் வந்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இடமே இல்லை. 43,500 கட்டிவிடலாம், மிச்சத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், முதலில் வங்கிக்குப் போய்விட்டு அப்புறம் கல்லூரிக்கு வாருங்கள்.

அப்படியானால் சலுகை யாருக்குத்தான் நல்லது? யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்-ஆஃப் குறைந்து, கவுன்சலிங்கில் கேட்ட படிப்பு கிடைக்காது, மேனேஜ்மென்ட் கோட்டாவில்தான் சேர்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், அப்போது 87,000-க்குப் பதில் 43,500 என்பது முழுசாக 43,500 லாபம். அங்கேதான் சலுகைக்கு உண்மையான மதிப்பு. உடம்புக்கு முடியாத பிள்ளை, அம்மாவோடு போய் அம்மாவோடு வர வேண்டிய பிள்ளை என்றால் பணத்தை வைத்து அளக்கவே வேண்டாம். ஓய்வுக்கு ஐந்தாறு வருஷம் இருக்கிற, வேறு எங்கும் போகும் எண்ணம் இல்லாத ஊழியருக்கும் கட்டுண்டு கிடப்பது பெரிய நஷ்டம் இல்லை. சில கல்லூரிகளில் கவுன்சலிங்கில் அதே கல்லூரிக்கு வரும் ஊழியர் பிள்ளைக்கும் 55,000-ல் ஒரு பங்கு தள்ளுவார்கள். அப்படி இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மேல், உங்கள் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கட்-ஆஃப் குறைந்த பிள்ளைக்குத்தான் சலுகை உண்மையான லாபம் என்ற இந்த விஷயம்தான் எங்கள் வீட்டில் முடிவைத் திருப்பியது, ஏனென்றால் எனக்கு இரண்டாவதாக ஒரு பையன் இருக்கிறான், இப்போது பத்தாம் வகுப்பு. சலுகை ஒரு பிள்ளைக்கு மட்டும். மூத்தவளுக்கு இப்போதே எடுத்துவிட்டால் அவனுக்கு இல்லை. அவனுக்குக் கணக்கு வராது, கை வேலையில் கெட்டிக்காரன், வீட்டு மிக்ஸி, மோட்டார் எல்லாம் அவன்தான் பிரித்து மாட்டுவான், மெக்கானிக்கல் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இரண்டு வருஷம் கழித்து அவனுக்குக் கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். மூத்தவளுக்கு அந்தச் சலுகையால் 11,500, அவனுக்கு 43,500. அவனுக்கு வைத்துக்கொள்வதுதான் புத்தி என்று தோன்றியது. மாமியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, "கைக்கு வந்தத விட்டுட்டு நாளைக்கு வாறத பாக்கியா மக்கா, ரெண்டு வருஷத்துல அந்தக் காலேஜு இருக்குமோ இல்லியோ" என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் சேர்க்கை குறைந்து மூடிய பொறியியல் கல்லூரிகள் ஒன்றிரண்டு அல்ல. அவன் பாலிடெக்னிக் போனாலும் போவான், கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, அப்படிப் போனால் சலுகையே தேவைப்படாது. இதையெல்லாம் சேர்த்துத்தான் யோசித்தோம்.

நேரம் என்ற ஒரு சிக்கலும் இருக்கிறது. நிர்வாகம் ஊழியர்களிடம் மே கடைசிக்குள் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லும். கவுன்சலிங் நடப்பது ஜூலையில்தான். இடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தால், வகுப்பு தொடங்கும் முன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஊழியர் பிள்ளைக்கும் அது பொருந்தும். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

நான் செய்தது இதுதான். ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கேள்வி எழுதினேன். சலுகை நான்கு வருஷத்துக்கும் இதே அளவில் தொடருமா? கவுன்சலிங்கில் இங்கே வந்தால் எவ்வளவு தள்ளுபடி? இந்த வருஷம் எடுக்காவிட்டால் இரண்டாவது பிள்ளைக்கு உண்டா? நானாக விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? நீங்களாக என்னை நிறுத்தினால், அல்லது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், பிள்ளையின் கட்டணம் என்ன ஆகும்? அலுவலக மேலாளரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். கேட்கும்போது கை நடுங்கியது, 14 வருஷத்தில் இப்படி ஒரு தாளை நான் நீட்டியதில்லை. நான்கு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. மூன்றாவது கேள்விக்கு "உண்டு" என்று எழுதியிருந்தது. நான்காவதுக்கு "முழுத் தொகை" என்று இருந்தது. முதல் இரண்டுக்கும் "நிர்வாக முடிவுக்கு உட்பட்டது". ஐந்தாவதுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் காலி இடத்தைப் பார்த்த அன்று சாயங்காலம்தான் முடிவெடுத்தோம். மகள் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்துவிட்டாள். விருப்பப் பட்டியலில் முதலில் கோணம் எலக்ட்ரானிக்ஸ், அடுத்து கோணம் எலக்ட்ரிக்கல், அதன் பிறகு திருநெல்வேலி வரைக்கும் உள்ள கல்லூரிகள், எட்டாவதாக எங்கள் கல்லூரி. கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. இயற்பியல், அதற்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறோம். சலுகை விண்ணப்பத்தை நிரப்பாமல் என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், தம்பிக்காக, அந்தக் கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி.